மூடியைத் திறக்காமலே ஓடியது, நர்ஸம்மா

எஸ்தர் நர்ஸம்மா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது என் வலது கை சிபியு பெட்டியின் முதுகில் இருந்தது. சித்திரை மாதம், உச்சி வெயில். நம் மிளகு மகளிர் குழுவின் கம்ப்யூட்டர் ரூமில், சிமெண்ட் சீட்டுக் கூரைக்குக் கீழே, அனல் இறங்கிக்கொண்டிருந்தது. தட்டச்சு செய்யும் கோமதிக்குப் பக்கத்தில், சோதனைக்கு வந்த அலுவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் பிள்ளைகளின் சாதிச் சான்றுக்கு எழுதிப் போட வந்த தாய்மார்கள் மலையின் குண்டூர் நாட்டு ஊர்களிலிருந்தும் பைல் நாட்டு ஊர்களிலிருந்தும் வரிசையில் நின்றிருந்தார்கள். போனில் நர்ஸம்மாவின் தங்கை மகன் பேசினான். "பாட்டி, பெரியம்மா காலைல தவறிட்டாங்க. சாயங்காலம் அடக்கம்." நாகர்கோவிலுக்கு இங்கிருந்து போய்ச் சேர ஒரு பகல் போதாது. "சரிங்க கண்ணு" என்று சொல்லி போனை வைத்தேன். கையைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதற்குத்தான் உங்களில் பாதிப் பேருக்கு என் மேல் கோபம். சாவுச் செய்தியை மடியில் கட்டிக்கொண்டு சாயங்காலம் வரை வேலை வாங்கியவள் என்று என் காது படவே பேசினீர்கள். யார் பேசியது, எந்தக் குழாயடியில் நின்று பேசியது என்பது எனக்குத் தெரியும். மறக்கவும் மாட்டேன். குழுவின் ஆண்டு மலருக்கு நர்ஸம்மாவைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்றார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இருந்தாலும் நானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அவரைப் பற்றிச் சொன்னால்தான் அன்றைக்கு நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது உங்களுக்கு விளங்கும்.

அவர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலைக்கு வேலைக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல் ஆகிறது. தோளில் தடுப்பூசிப் பெட்டியை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடப்பார். என் இரண்டாவது மகன் பிறந்து தொப்புள் காயாமல் இருந்தபோது எங்கள் ஊட்டுக்கு வந்தார். நான் அதில் அடுப்புச் சாம்பல் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "பிள்ளைய கொல்லப் பாக்கியா?" என்று கத்தினார். அவர் சொன்னது சரியா தப்பா என்பது வேறு. என் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது சொன்னார். அந்த மாமியார் அதற்குப் பிறகு என்னை எப்படி வைத்திருந்தாள் என்று நர்ஸம்மாவுக்குத் தெரியாது. நான் அவரோடு வெகு நாள் பேசவில்லை. ஊசி போட வந்தால் பிள்ளையை நீட்டுவேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "பிள்ளை கையக் காட்டினா போதும், தாய் மொகம் எனக்கெதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே குத்துவார்.

ஓய்வு பெற்ற பிறகு ஊருக்குப் போகாமல் இங்கேயே வாடகைக்கு இருந்துவிட்டார். இங்கிலீசு படிக்கத் தெரிந்தவர் என்று குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டோம். இங்கேயே சான்றுக்கு எழுதிப் போட கம்ப்யூட்டர் வந்ததும் அது தானாகவே அவர் பொறுப்பாகிவிட்டது. ஒரு சான்றுக்காகக் கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி, கீழே அலுவலகத்தில் காத்திருந்து, நாளைக்கு வா என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டு திரும்பி ஏறிய காலம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

அந்த இயந்திரம் வெயில் ஏறினால் பொசுக்கென்று அணைந்துவிடும். முக்கால்வாசி தட்டச்சு செய்திருப்பார்கள், திரை கறுத்துவிடும். மறுபடி முதலிலிருந்து. ஒரு நாள் கீழ்வளவு சின்னப்பொண்ணு தன் மகள் பேரை அத்தனை தடவை சொல்லிச் சொல்லிக் களைத்து, "ஏனுங்க, வேணும்னா பேரச் சின்னதா மாத்தி வெச்சுக்கறனுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸம்மா சிரிக்கவில்லை. பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பெட்டியின் பின்பக்க ஓட்டைக்குள் விட்டார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் பாதரசம் கோடுகளையெல்லாம் தாண்டி உச்சிக்குப் போயிருந்தது. "மனுசன்னா இந்நேரம் ஜன்னி கண்டிருக்கும்" என்றார். சேந்தமங்கலத்திலிருந்து வந்த மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு அதையேதான் வேறு மாதிரி சொன்னான். "உள்ள இருக்கறதெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. டப்பாதான் சரியில்ல. காத்து உள்ள போக வழியில்ல, சூடு வெளிய வர வழியில்ல. வேற கேபினெட் வாங்கி மாத்திக்குங்க."

வாங்கி வர அவரையும் என்னையும் அனுப்பினீர்கள். படிக்க அவர், ஏமாறாமல் இருக்க நான். நாமக்கல்லில் ஒரு கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவது முழுக்கக் கண்ணாடி. "இதுதான் ஆயா இப்ப எல்லாரும் கேக்கறது, ஏழு கலர்ல லைட்டு எரியும்" என்றார். நர்ஸம்மாவின் கண் அதிலேயே நின்றது. "நல்லாத்தான் இருக்கு, கிறிஸ்மஸ் குடில் மாதிரி."

"குடிலுக்கு வாங்க வர்லீங்க நர்ஸம்மா" என்றேன்.

முறைத்தார். ஆனால் அதன் பிறகு அவர் செய்ததை நான் குறை சொல்ல முடியாது. ஃபேனை ஓடவிடுங்கள் என்று கடைக்காரரிடம் கேட்டார். காயத்துக்கு வைக்கிற பஞ்சை எப்போதும் பையில் வைத்திருப்பாரே, அதில் கொஞ்சம் கிள்ளி, நூலாக இழுத்து, பெட்டியின் முன்னால் பிடித்தார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பஞ்சு அசையவே இல்லை. "மொகம் பளபளப்பா இருக்கு, மூக்க அடச்சு வச்சிருக்கான்" என்று தள்ளிவிட்டார். இரண்டாவது பெட்டியின் முன்பக்கம் முழுக்கக் கம்பி வலை. பஞ்சு அவர் விரலை விட்டு நழுவி வலையில் போய் ஒட்டிக்கொண்டது. பிள்ளை பிறந்து முதல் அழுகை கேட்டவர் போல அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா பாப்பாயி? மூச்சு வாங்குது. இதுதான்."

"தொறந்து காட்டச் சொல்லுங்க" என்றேன்.

"அதெல்லாம் நாங்களே மாட்டிக் குடுத்துருவோம் ஆயா."

"மாட்டிக் குடுப்ப. மழைக்கு ஒதுங்கி பல்லி உள்ள போயிச் செத்துதுன்னா மலையேறி வந்து எடுத்துக் குடுப்பியா சாமி?"

கடைக்காரரிடம் திருப்புளியை வாங்கி அந்த வலைப் பெட்டியை நானே கழற்றினேன். உளுந்து மாதிரி திருகாணிகள். ஒன்று உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. பக்கத்துத் தகடு வரமாட்டேன் என்றது. இழுத்தேன், தகட்டின் ஓரம் கட்டை விரலைக் கிழித்துவிட்டது. வலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதுப் பஞ்சு எடுத்து என் விரலை அழுத்திக்கொண்டே நர்ஸம்மா என்னைத் திட்டினார். மூன்றாவது பெட்டியை இடது கையால் திறந்தேன். திருகாணி பெரியது, கையாலேயே சுற்றலாம். ஓரமெல்லாம் மடித்துவிட்டிருந்தார்கள். அடியில் தூசி வலை ஒன்று, இழுத்தால் வருகிறது, கழுவிவிட்டுத் திரும்பச் செருகலாம். ஆனால் முன்பக்கம் பொடி ஓட்டைச் சல்லடைதான், அவருடைய பஞ்சு அதற்கு முன்னால் லேசாக ஆடியதோடு சரி.

"காத்து இல்லாத பெட்டிய எடுத்துட்டுப் போய் என்ன செய்யப் போறே?"

"தொறக்க முடியாத பெட்டிய எவ தொடைப்பா? நம்ம ரூமுக்கு ஒரு பக்கம் மிளகு காயுது, ஒரு பக்கம் அடுப்பு எரியுது. ஒரு மாசத்துல உங்க வலையெல்லாம் தூசிதான் நிக்கும்."

"உன் விரலுக்குப் பயந்து சூட்ட உள்ளயே வச்சுப் பூட்டுவியா?"

"உங்க பஞ்சு ஒட்டுதுன்னு என் கைய அறுத்துக்கச் சொல்றீங்களா?"

கடைக்குள் வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பணப்பை என்னிடம் இருந்தது. மூன்றாவது பெட்டியை வாங்கினேன். அவர் தன் கைக்காசைப் போட்டுத் தனியாக ஒரு ஃபேன் வாங்கிக்கொண்டார். மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன், வளைவில் பஸ் திரும்பத் திரும்ப அவருக்குக் குமட்டும். வாங்க மாட்டேன் என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேலே வந்து சேரும்வரை முகம் வெளிறி உட்கார்ந்திருந்தாரே தவிர அந்தப் பழத்தைத் தொடவில்லை. நான் மோந்துகொண்டே வந்தேன்.

பெட்டிக்குள் எல்லாவற்றையும் அவர்தான் மாட்டினார், கோமதி விளக்குப் பிடித்தாள். கூடுதல் ஃபேனைப் பின்பக்க மேல் மூலையில், சூட்டை வெளியே தள்ளும்படி வைத்தார். நன்றாகத்தான் ஓடியது. என் பெட்டி என்று நான் சொல்வேன், என் ஃபேன் என்று அவர் சொல்வார். ஆயுத பூசை வரைக்கும் இரண்டு பேருமே ஜெயித்ததாகத்தான் இருந்தோம்.

பூசையன்று நம் பெண்கள் அரிவாள், கொடுவாள், மிளகு தூற்றும் முறம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். சிபியு பெட்டிக்குத் தனிக் கவனிப்பு. சந்தனத்தைக் குழைத்து முன்பக்கச் சல்லடை முழுக்க அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலையைச் சுற்றிக் கட்டினார்கள். ஒரு நாள் ஓய்வு கொடுத்து மறுநாள் போட்டோம். முற்பகலுக்குள் மூன்று தடவை அணைந்துவிட்டது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது நர்ஸம்மா வந்து குனிந்து பார்த்தார். காய்ந்த சந்தனம் ஓட்டை ஓட்டையாக அடைத்திருந்தது. ஊசி ஒன்றை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்தார். மதியக் கஞ்சிக்கும் எழுந்திருக்கவில்லை. "பொட்டு நெத்திக்கு உள்ளது. மூக்குத் துவாரத்துல வச்சா பிள்ளை பொழைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே குத்தினார். அந்தப் பேச்சு இப்போதும் நம் ஊரில் புழங்குகிறது, யார் சொன்னது என்று தெரியாத பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள்.

எனக்கு வந்த கோபம் வேறு. அப்பும்போது அவர் அங்கேதான் நின்றிருந்தார், பொரி வாங்கித் தின்றார். "பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க, அப்பவே சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டேன். ஊசியை நிறுத்தாமல், மெதுவாகச் சொன்னார். "உங்க பூசையில நான் வாயத் திறந்தா நாளைக்கு ஊரு என்ன பேசும்? நான் வெளியூர்க்காரி, போதாததுக்கு வேதக்காரி."

முப்பது வருசம். இந்த ஊரில் பாதிப் பேரின் தொப்புள் கொடியை அறுத்த கை. என்னை என் மாமியார் முன்னால் வைத்துத் திட்டியபோது வெளியூர்க்காரி என்று தோன்றவில்லை, சந்தனத்துக்கு மட்டும் தோன்றியதாம். நான் எழுந்து வந்துவிட்டேன். சாம்பலுக்குத் திட்டியதை என்றைக்காவது மன்னித்தாலும் மன்னிப்பேன், இந்தப் பேச்சை மன்னிப்பதாக இல்லை. அவர் அப்படி நினைக்கும்படி நம்மில் யார் எப்போது என்ன சொன்னீர்கள் என்று தெரிந்தால் அவர்களையும் விடமாட்டேன்.

தை கழிந்து நெஞ்சுக்கு வைத்தியம் பார்க்கத் தங்கை ஊட்டுக்குப் போனார். பத்து நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனார். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. அதற்குள் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். சான்று எழுதும் நாளில் அலுவலரே வந்து உட்கார்ந்து பார்ப்பார், அவர் முன்னால் இயந்திரம் ஒரு தடவை நின்றாலும் இந்த ரூமை மூடிவிட்டு ரோட்டோர ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று. அதை நர்ஸம்மாவிடம் போனில் சொன்னேன். அன்று முதல் தினமும் கூப்பிட்டார். யார் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். "சத்தம் எப்படி இருக்கு? வண்டு மாதிரி முரலுதா, மூச்சு எரைக்கிற மாதிரி இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார். உங்களுக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அத டாக்டர் பாக்காரு, நீ பெட்டியப் பாரு" என்பார்.

கடைசியாகப் பேசியதும் சண்டைதான். பக்கத்து மூடியைக் கழற்றி வைத்துவிட்டு மேசை ஃபேனைத் திருப்பி வை, சித்திரை வெயிலுக்கு அதுதான் வழி என்றார். மூடி திறந்திருந்தால் எறும்பும் தூசியும் உள்ளே போகும், வரிசையில் வரும் பிள்ளைகள் கையை விடும், கழற்ற மாட்டேன் என்றேன்.

"அன்னைக்கு நின்னுதுன்னா ரூமு போயிரும். உன் வீம்புதான் பெருசா?"

"என் பெட்டி நிக்காதுங்க."

"எது உன் பெட்டி? என் ஃபேன் இல்லேன்னா அது வெறும் டப்பா."

"அப்ப உங்க ஃபேனு மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லீங்களா?"

போனை வைத்துவிட்டார். மறுநாள் நான் கூப்பிடவில்லை. அவரும்தான் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாள்தான் அலுவலர் வந்தார்.

இப்போது சொல்லுங்கள். செய்தி வந்தபோது வாசலில் அத்தனை பேர். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோமதி முதலில் எழுந்திருப்பாள், அவளுக்குப் பிரசவம் பார்த்தவர் நர்ஸம்மா. வரிசை கலைந்து ஒப்பாரி ஆகியிருக்கும். அலுவலர் எழுதாததை எழுதாதது என்றுதான் குறித்துக்கொண்டு போயிருப்பார், ரூமும் போயிருக்கும். பெட்டியின் முதுகு கொதித்தது. ஃபேனின் சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. கோமதி என்னைப் பார்த்து, "ஏனுங்க அத்தை, மொகம் ஒரு மாதிரியா இருக்குது? நர்ஸம்மா சொன்னாப்புல மூடியக் கழட்டிரலாமுங்களா?" என்று கேட்டாள். "கை சுடுது, வேற ஒண்ணுமில்ல. நீ அடி" என்றேன். கழற்றச் சொல்லவில்லை. ஒரு தாய் வந்து உட்காருவாள், பேர் சொல்லுவாள், போவாள். அடுத்தவள் உட்காருவாள். அவர்கள் சொன்ன பிள்ளைகளின் பேர்களில் இரண்டு எஸ்தர் இருந்தது. நம் சாமியைக் கும்பிடுகிற ஊட்டுப் பிள்ளைகள்தான், அவர் கையில் பிறந்ததால் அவர் பேர். வெளியூர்க்காரியாம்.

வெயில் சாய்ந்து கடைசிப் பேர் ஏறியது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. அலுவலர் எழுந்து, "இங்கயே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் வளைவில் மறைந்த பிறகுதான் சொன்னேன். நீங்கள் அழுதீர்கள், பிறகு என்னைத் திட்டினீர்கள். அந்த நேரத்தில் அங்கே நாகர்கோவிலில் மண் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

அவர் படத்தைப் பெட்டிக்கு மேலே சுவரில் மாலை போட்டு மாட்ட வேண்டும் என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன், அதற்கும் கோபப்பட்டீர்கள். பூ உதிர்ந்து சல்லடையை அடைக்கும். அவர் ஊசியோடு வந்து உட்கார மாட்டார். எதிர்ச் சுவரில் மாட்டுங்கள், மாலை இல்லாமல். வரிசையில் நிற்பவர்கள் பார்க்கட்டும்.

எனக்கென்று நான் வைத்திருப்பது படம் இல்லை. இத்தனை வருசத்தில் இந்த மலையில் நான் ஒன்று சொன்னால் சரி என்று போகிறவர்கள் உண்டு, முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்கள் உண்டு. முகத்துக்கு நேரே நின்று இரண்டு வார்த்தை திருப்பிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அந்தச் சண்டையை நான் வைத்திருக்கிறேன், ஒரு சொல் விடாமல். மூடியைத் திறக்காமலே ஓடியது, நர்ஸம்மா. என் பெட்டியாலா, உங்கள் ஃபேனாலா என்று இன்னும் பேசி முடிக்கவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி பேச வேண்டியது நீங்கள். உங்கள் முறையை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன், வேறு யாரையும் எடுக்கவும் விட மாட்டேன்.